முழங்காலளவு ஏரி

பனையடியில் பிறந்தவன் எல்லாம் பனை ஏறுவான் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் கடற்கரையில் பிறந்தவன் என்றால் நீந்தத் தெரிந்தே ஆகவேண்டும். நான் பருத்தித்துறையில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிப் பிறந்தவன். எனக்கு நீந்தத் தெரியாது. சின்ன வயதில் காதில் சீழ் வடிந்ததால் கடலுக்குள் இறங்கக்கூடாது என்று அம்மா ஒரு தடை போட்டா. காது சுகமான பிறகும் தடை நீங்கவில்லை. நானும் அதை எதிர்த்து வழக்காடவில்லை. (உண்மையைச் சொன்னால், அந்தத் தடை எனக்கு நல்ல வசதியாக இருந்தது.)

முப்பது வயது வரை இந்தக் குறையை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. மொன்ட்ரியாலுக்கு வந்து ஆறு வருடம். ஜான்-டலோன் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் வேலை. தக்காளிப் பெட்டி தூக்குகிறவனைப் பிடித்து நீந்திக் காட்டு என்று யார் கேட்கப்போகிறார்கள்? கல்யாணம் பேசத் தொடங்கியபோதுதான் வினை வந்தது.

பேச்சுக்காலைக் கொண்டு நடத்தியது என் பெரியம்மா. பெண் வீட்டார் செயின்ட்-மிஷேலில் இருந்தார்கள். பெண் தர்சினி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். என் பக்கத்தில் சொல்லிக்கொள்ளப் பெரிய படிப்பில்லை, வீடில்லை, வளவில்லை. தராசு ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்த பெரியம்மா, கைக்கு அகப்பட்ட எதையோ எடுத்து என் தட்டில் போட்டுவிட்டா. "பொடியன் பருத்தித்துறைக் கடலிலை மீன் மாதிரி நீந்துவான்" என்பதுதான் அது.

வேறு வீடு என்றால் இதைக் காதில் போட்டிருக்கமாட்டார்கள். இந்த வீட்டில் அது போய் ஒட்டிக்கொண்டது. தர்சினி மூன்று வயதில் இங்கே வந்தவள். கோடை வந்தால் ஞாயிறு தவறாமல் ஏதாவது ஓர் ஏரியில் நீந்தியாக வேண்டும். அவளுடைய அப்பாவும் அம்மாவும் உரும்பிராய்க்காரர். அவர்கள் கண்ட ஆழமான தண்ணீர் தோட்டக் கிணறுதான். மகள் ஏரிக்குள் தூரப் போகப்போக, இரண்டு பேரும் கரையில் நின்று கடவுளுக்கு நேர்த்தி வைப்பார்கள். ஆகவே தண்ணீருக்குள் பிள்ளைக்குத் துணையாக ஒரு மருமகன் கிடைத்தால் நல்லது என்று அவளுடைய அப்பாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, ஒரு கனவு.

முதல் சந்திப்பில் தர்சினி நேராகவே கேட்டாள். "நீங்கள் நல்லா நீந்துவீங்களாமே?"

உண்மையைச் சொல்ல எனக்கு முழுதாக அரை நிமிடம் இருந்தது. அவள் நல்ல வடிவு. நான் சொன்னேன், "ஓம். சின்னனிலை கட்டுமரம் நிக்கிற இடம் வரைக்கும் நீந்திப் போய்த் திரும்பி வாறனான்." கட்டுமரத்தைப் பற்றி அங்கே யாருமே கேட்கவில்லை. (பொய் சொல்கிறவனிடம் இருக்கிற பெரிய குறை இதுதான். கேட்ட அளவோடு நிறுத்தமாட்டான், மேலும் ஒரு பிடி அள்ளிப் போடுவான்.)

அதே நாளில், தேநீர் குடிக்கும்போது, மாமா தன் மனதில் இருந்ததைச் சொன்னார். எனக்கு முன்னர் தர்சினிக்குப் பேசின மாப்பிள்ளை, வங்கியில் வேலை என்று சொல்லியிருக்கிறான். விசாரித்தால் வேலையே இல்லை.

"வேலை இல்லாட்டிப் பரவாயில்லைத் தம்பி," என்றார் மாமா. "இண்டைக்கு இல்லாட்டி நாளைக்குக் கிடைக்கும். பொய் சொன்னான் பாருங்கோ. அதாலைதான் விட்டிட்டம்."

நான் தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தேன். மாமி பலகாரத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டா.

ஆவணியில் கல்யாணம் என்று நாள் வைத்தார்கள். மண்டபமும் எடுத்தாயிற்று. ஆடி மாதத்தில் ஒரு நாள் தர்சினி தொலைபேசியில் சொன்னாள். எல்லோரும் ஓர் ஏரிக்குப் போகிறோமாம். எந்த ஏரி என்பதை நான்தான் தெரிவு செய்யவேண்டுமாம். தண்ணீர் தெரிந்த ஆள் நான்தானாம். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், ஏரியைத் தெரிவு செய்கிற உரிமை என் கையில் வந்ததில் ஒரு நன்மை இருப்பதை நான் உடனே கண்டுகொண்டேன்.

கியூபெக்கில் ஏரிக்கா பஞ்சம்? ஊரில் வீதிக்கொரு பிள்ளையார் கோயில் இருப்பதுபோல, இங்கே திரும்பின பக்கமெல்லாம் ஓர் ஏரி. மற்றவர்கள் ஏரியைத் தெரிவு செய்யும்போது தண்ணீர் தெளிவா, மணல் நல்லதா, கார் விட இடமுண்டா என்று பார்ப்பார்கள். நான் பார்த்தது ஒன்றே ஒன்று. எத்தனை அடி நடந்தால் மூழ்கலாம்?

இணையத்தில் ஏரிகளைப் பற்றிச் சனங்கள் எழுதிவைத்த கருத்துகளை ஒரு கிழமை முழுவதும் உட்கார்ந்து படித்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை நான் திரும்பியும் பார்க்கவில்லை. 'ஆழமான, குளிர்ந்த, தெளிந்த நீர், நீச்சல்காரர்களின் சொர்க்கம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சொர்க்கம் என்ற சொல்லை அவர் எந்த அர்த்தத்தில் எழுதினாரோ, எனக்கு அது நேரடியாகவே விளங்கியது. நான் தேடியது ஒற்றை நட்சத்திரக்காரர்களை. கடைசியில் ஒரு புண்ணியவான் அகப்பட்டான். 'நூறு மீற்றர் நடந்தும் முழங்கால் நனையவில்லை. பெரியவர்கள் வந்து நேரத்தை வீணாக்கவேண்டாம்.' அதை வாசித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுவும் முழங்காலளவுக்கு மேல் இல்லை.

தர்சினி சொன்ன ஏரிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஒன்றில் பாசி, ஒன்றில் வாத்துகளின் எச்சம், ஒன்றில் கார் விட இடமில்லை, இன்னொன்றில் நுளம்புக் கடி. நுளம்பில்லாத ஏரி கியூபெக்கில் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் கடலில் வளர்ந்தவன் சொல்கிறான் என்று அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த நம்பிக்கையை நினைக்க எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இடம் சரி. இனி நீச்சல் வேண்டுமே. அதற்கும் வழி வைத்திருந்தேன். தண்ணீர் முழங்காலளவுதான் என்றால், இரண்டு கையையும் தரையில் ஊன்றி, கையால் நடந்துகொண்டே காலை மட்டும் அடித்தால், கரையில் நிற்கிறவனுக்கு அது நீச்சல். வேலை முடிந்து வந்து, வீட்டுக் கம்பளத்தில் ஒத்திகை பார்த்தேன். மூன்றாம் நாள் கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையில் இடித்தார். கலையின் அருமை தெரியாத மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமாவின் வான் வண்டியில் நாலு பேர், ஆனால் பதினாலு பேருக்குச் சாப்பாடு. இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி, மீன் பொரியல், ரோல்ஸ், இவற்றோடு எனக்கென்றே தனியாக ஒரு பெட்டியில் பாவற்காய்க் கறி. முந்தி ஒருநாள் மாமி அதைப் பரிமாறியபோது, நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டேன். அன்றிலிருந்து எங்கே கண்டாலும் மாமி எனக்குப் பாவற்காய்தான். வழியில் டெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடையில் ஐஸ்கட்டி வாங்கினோம். நகரத்தை விட்டு வெளியேறும் வரை வீதி நெடுக, திருத்த வேலைக்கு வைத்த செம்மஞ்சள் கூம்புகள். அவற்றைத் தாண்ட ஒரு மணி நேரம், வடக்கே மலைப்பக்கம் போய்ச் சேர இன்னொரு மணி நேரம்.

ஏரியின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே என்னை இன்னும் ஞாபகம் வைத்திருக்கக்கூடும்.

ஒற்றை நட்சத்திரக்காரன் எழுதியது அத்தனையும் உண்மை. தர்சினி ஆசையாக ஓடி இறங்கினாள். பிறகு நடந்தாள். நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். இடுப்புக்குக்கூடத் தண்ணீர் வராமல் திரும்பி வந்து என்னைப் பார்த்தாள்.

"இது ஏரியோ, கழுவி விட்ட தரையோ?"

தண்ணீரின் தரம் முதலாந்தரம் என்றேன். அவள் துவாயை விரித்துப் படுத்துவிட்டாள்.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மாமா சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்தார். காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, மெல்ல ஏரிக்குள் இறங்கினார். அவர் போகிற தைரியத்தைப் பார்த்து மாமியும் பின்னால் இறங்கி, ஓர் இடத்தில் அப்படியே தண்ணீருக்குள் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டா. பக்கத்தில் சிவப்பு வாளியோடு ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. இரண்டு பேரும் சேர்ந்து மணலை அள்ளி வாளியில் போடத் தொடங்கினார்கள்.

அந்தச் சந்தோசத்தில்தான் மாமா சொன்னார், "தம்பி, ஒருக்கா நீந்திக் காட்டுங்கோவன். மாமி பார்க்க ஆசைப்படுறா."

இறங்கினேன். குப்புறப் படுத்து, கையை ஊன்றிக் காலை அடித்தேன். தண்ணீர் நாலு பக்கமும் பறந்தது. கரையில் தர்சினி எழுந்து உட்கார்ந்ததைக் கடைக்கண்ணால் பார்த்தேன். அது போதும் எனக்கு. காளை மாடு போல உறுமிக்கொண்டு முன்னேறினேன்.

மாமா என் கூடவே வந்தார். நான் நீந்துகிறேன், அவர் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறார். கல்யாணச் சாப்பாட்டுக்கு எத்தனை கறி வைப்பது, மரக்கறியோடு விடலாமா, பாயாசத்துக்குச் சவ்வரிசியா சேமியாவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு முகம் தண்ணீருக்குள். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினேன். (இதனால் கல்யாணத்தில் சவ்வரிசியும் சேமியாவும் கலந்த ஒரு பாயாசம் பரிமாறப்பட்டது. அது வேறு கதை.)

நன்றாகத் தூரம் போயிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையை எட்டி வைத்தேன். அங்கே தரை இல்லை. யாரோ பிள்ளைகள் தோண்டின ஒரு குழி. அவ்வளவுதான். கை உள்ளே போனது, முகம் உள்ளே போனது, மூக்கால் ஒரு சுண்டு தண்ணீர் ஏறியது. பருத்தித்துறைக் கடல் முழுவதும் என்னைத் தேடிக் கியூபெக்குக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். கையையும் காலையும் அடித்து, "ஐயோ அம்மா, தாழுறன்" என்று கத்தினேன்.

உயரமான நாற்காலியில் இருந்த உயிர்காப்பாளர் பெண் மூன்று தரம் விசில் ஊதினாள். அப்படி ஊதினால் எல்லோரும் தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும் என்பது அங்கே சட்டம். இருந்த சனம் முழுவதும் கரைக்கு ஏறி, வரிசையாக நின்று, என்னைப் பார்த்தது. அந்தப் பெண் மிதவையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். கவனியுங்கள், நீந்தி வரவில்லை, ஓடி வந்தாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். சாகப் போகிறவனுக்கு அந்த நிதானம் ஏது?

என் தலைக்கு மேலேயிருந்து மாமாவின் குரல் கேட்டது. பதற்றமே இல்லாத குரல்.

"தம்பி, எழும்பி நில்லுங்கோ."

எழும்பி நின்றேன். தண்ணீர் முழங்காலில் நின்றது. மாமாவின் காற்சட்டையில் ஈரம்கூட இல்லை. சிவப்பு வாளிக் குழந்தை கரையிலிருந்து என்னைப் பார்த்துக் கை தட்டியது.

இதோடு முடிந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கால் பிடித்துவிட்டது, மயக்கம் வந்தது என்று என் மூளை அதற்குள் மூன்று பொய் தயாரித்துவிட்டது. ஆனால் இந்த நாட்டில் ஒருவரைக் காப்பாற்றினால் அதற்கொரு படிவம் நிரப்ப வேண்டும். அந்தப் பெண் ஒரு பலகையில் மஞ்சள் தாளைச் செருகிக்கொண்டு வந்து பிரெஞ்சில் கேட்கத் தொடங்கினாள். என் பிரெஞ்சு, கத்தரிக்காயும் வெங்காயமும் விற்கிற பிரெஞ்சு. அதில் தாழுவதற்குச் சொல் இல்லை. தர்சினி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள்.

பெயர், வயது எல்லாம் போயிற்று. தண்ணீரின் ஆழம் என்று ஒரு கேள்வி. அந்தப் பெண் என்னிடம் கேட்கவில்லை. என் காலைப் பார்த்துத் தானே எழுதிக்கொண்டாள். பிறகு அடுத்த கேள்வி.

தர்சினி தாளைப் பார்த்தபடியே சொன்னாள், "உங்களுக்கு நீந்தத் தெரியுமோ எண்டு கேக்கிறா."

பின்னால் மாமாவும் மாமியும் நின்றார்கள். வங்கி மாப்பிள்ளை எனக்கு ஞாபகம் வந்தான். ஓம் என்று சொன்னால் பொய்யன். இல்லை என்று சொன்னாலும் பொய்யன்தான், ஆனால் அன்றோடு முடிந்த பொய்யன். எனக்கு உண்மையிலேயே மூச்சு முட்டியது அப்போதுதான்.

"இல்லை," என்றேன்.

"கொஞ்சமும்?"

"கொஞ்சமும் இல்லை."

அவள் அந்தப் பெண்ணிடம் "நோன்" என்றாள். பிறகு படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள். "கட்டுமரம்?"

"கட்டுமரம் இருந்தது. நான் கரையிலை நிண்டனான்."

சாப்பிட உட்கார்ந்தோம். இடியப்பம் வைக்கோலாக இறங்கியது. நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பெரியம்மா சொன்னது, நான் கூட்டினது, ஒற்றை நட்சத்திரக்காரன், கம்பளம், தும்புத்தடி, எல்லாவற்றையும். மன்னிப்பும் கேட்டேன். மாமா கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"நீங்கள் கையாலை நடக்கிறதை நான் முதலே கண்டனான் தம்பி. கடற்கரைச் சனத்தின்ரை நீச்சல் இப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சன்."

மாமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டா. தோள் குலுங்கியது. அழுகிறா என்று நினைத்தேன். இல்லை.

மாமா தொடர்ந்தார். "பொய் சொன்னது பிழை. அதை நீரும் அவளும் கதைச்சுக்கொள்ளுங்கோ. ஆனா நானும் மனுசியும் இருபத்திரண்டு வருசமா ஏரிக்கு வாறம். இண்டைக்குத்தான் உள்ளுக்கு இறங்கினனாங்கள்." இவ்வளவு நேரமும் 'நீங்கள்' என்று கதைத்த மனிதர் 'நீர்' என்று இறங்கிவிட்டதை நான் கவனித்தேன். அது கோபமா, உரிமையா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

தீர்ப்பு, திரும்பி வரும் வழியில் வானுக்குள் வந்தது. தர்சினி முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்க்காமல் சொன்னாள், "வேறை என்ன பொய் சொல்லியிருக்கிறீங்கள்? இப்ப சொன்னா இதோடை சரி. பேந்து தெரிய வந்தால், கல்யாணம் இல்லை."

மனதுக்குள் துழாவினேன். இருந்தது ஒன்றே ஒன்று. அது என் பக்கத்து இருக்கையில், காலிப் பாத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பாவற்காய்," என்றேன்.

"என்ன பாவற்காய்?"

"எனக்குப் பாவற்காய் கண்ணிலை காட்டக்கூடாது."

நீந்தத் தெரியாததை மன்னித்த மாமி இதை மன்னிக்கவில்லை. மலைப்பக்கம் முடிந்து, பாலம் தாண்டி, செம்மஞ்சள் கூம்புகள் தொடங்கும் வரை வாய் திறக்கவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மூண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவர்," என்று மட்டும் சொன்னா. அதைக் கேட்டு முன் இருக்கையில் தர்சினி சிரிக்கத் தொடங்கினாள். வீடு வரும்வரை நிறுத்தவில்லை. கல்யாணம் நடக்கும் என்று எனக்கு அந்தச் சிரிப்பில்தான் தெரிந்தது.

அந்த மாரியில், மாநகர நீச்சல் தடாகத்தில், தண்ணீருக்குப் பயந்த பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்து நீந்தப் பழகினேன். எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் தாலி கட்டும் படம் இல்லை, அந்த மஞ்சள் படிவத்தின் பிரதிதான் இருக்கிறது. பாவற்காய் சமைக்கும் நாளில் மாமி இன்றைக்கும் எல்லோருக்கும் பரிமாறி, என் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் அகப்பையை நிறுத்தி, "உண்மையைச் சொல்லுங்கோ" என்பா. வீட்டில் நான் எதற்காவது பதறினால், வரிக் கடிதம் வந்தாலும், நிலவறைக்குள் தண்ணீர் புகுந்தாலும், ஆறு வயது மகள் உட்பட எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள், முதலில் எழும்பி நில்லுங்கோ என்று.

போன மாரியில் மாமாவுக்கு இருதயத்தில் ஒரு சத்திரசிகிச்சை. உள்ளே கொண்டுபோவதற்கு முன், கட்டிலில் படுத்திருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லிட்டிருந்தது. வாழ்க்கையில் ஒன்றுக்கும் பதறாத மனிதர், கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பயம்தான். என்ன சொல்வதென்று தெரியாமல் குனிந்து, "மாமா, எழும்பி நில்லுங்கோ," என்றேன்.

அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு கேட்டார், "தண்ணி எவ்வளவு?"

"முழங்கால்தான் மாமா."

"பொய்யன்," என்றார். கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். என்ன ஏதென்று பார்க்கத் தாதி ஓடி வந்தாள். அவர் சிரித்தபடியே உள்ளே போனார். நான் வெளியே நாலு மணி நேரம் எழும்பியே நின்றேன், அவர் வரும்வரை.